சம்பங்கியா, கஸ்தூரியா? லூடென்ஸின் இரண்டு வம்புக்கார சென்ட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த இரண்டைப் பற்றிய பேச்சு இது?

செர்ஜ் லூடென்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளியிட்ட இரண்டு வாசனைத் திரவியங்கள். 1998-இல் வந்தது முஸ்க் குப்லாய் கான், அதாவது மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் கஸ்தூரி. 1999-இல் வந்தது ட்யூபெரோஸ் கிரிமினெல், குற்றவாளிச் சம்பங்கி. இரண்டையும் உருவாக்கியவர் ஒருவரே: கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் என்ற பிரிட்டிஷ் வாசனைக் கலைஞர். வாசனைப் பித்தர்கள் நான்கு பேர் கூடினால் இந்த இரண்டில் ஒன்றாவது சண்டையைக் கிளப்பிவிடும். ஒருவர் கண்ணை மூடி ரசிப்பார். அதே துளியை முகர்ந்த இன்னொருவர் கையைக் கழுவ ஓடுவார். இரண்டில் எதை வாங்குவது என்று தயங்குகிறவர்களுக்காக இந்தப் பக்கம். இனிமேல் கிரிமினெல், குப்லாய் என்றே சுருக்கிக்கொள்வோம்.

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை. ஒரே வரியில் என்ன வேறுபாடு?

கிரிமினெல் பூசிக்கொள்கிறவரோடு சண்டை போடும், அதுவும் முதல் அரை மணி நேரம்தான். குப்லாய் பக்கத்தில் நிற்பவரோடு சண்டை போடும், நாள் முழுக்க.

லூடென்ஸ் என்பது யார்?

1942-இல் பிரான்சின் லில் நகரில் பிறந்தவர். சிறுவயதில் முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் பழகி, பின்னர் ஒப்பனைக் கலைஞராகவும் புகைப்படக்காரராகவும் பெயர் பெற்றவர். டியோர் நிறுவனத்தின் ஒப்பனைப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்தார். 1980 முதல் ஜப்பானின் ஷிசெய்டோ என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தோடு வேலை செய்தார். 1992-இல் பாரிசின் பாலே ரோயால் தோட்டத்தை ஒட்டி ஷிசெய்டோவின் துணையோடு ஒரு கடை திறந்தது. கண்ணாடி மணி வடிவத்தில் 75 மில்லி புட்டிகளில் அங்கே மட்டும் விற்கப்பட்டவைதான் நம் இரண்டு சென்ட்டுகளும். பிறகுதான் வெளிச்சந்தைக்கு வந்தன.

இந்தப் பின்னணி முக்கியம். விமான நிலையக் கடையில் லட்சக்கணக்கில் விற்க வேண்டிய சென்ட் யாருக்கும் பிடிக்காமல் போகக் கூடாது. ஒரே ஒரு கடையில், தேடி வருகிறவர்களுக்கு மட்டும் விற்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த அளவுக்குத் துணிச்சல் காட்ட முடிந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கிரிமினெல் உண்மையில் எப்படி மணக்கும்?

புட்டியைத் திறந்ததும் சுளுக்குத் தைலம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முதல் நொடியில் மூக்கில் ஏறுவது வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் குளிர்ந்த காட்டம். அதன் பின்னால் பெட்ரோல் பங்கில் வரும் வாடை, புது ரப்பரின் வாடை. பூ எங்கே என்று தேடுவீர்கள். பலர் இந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தைல வாடை வெளியிலிருந்து ஒட்டவைத்த விளையாட்டு இல்லை, பூவுக்குள்ளேயே இருக்கிறது. சம்பங்கியின் மணப்பொருள்களில் மெத்தில் சாலிசிலேட் ஒன்று. வலித் தைலங்களில் சேர்க்கப்படுவதும் இதுதான். கூடவே மெத்தில் பென்சோவேட், இண்டோல், யூஜினால் வகைகள், வெண்ணெய் மணம் தரும் லாக்டோன்கள் எல்லாம் சம்பங்கியில் உண்டு. இரவில் மாலைக்குக் கட்டிவைத்த சம்பங்கிக் குவியலில் முகத்தைப் புதைத்து முகர்ந்தால் இனிப்புக்கு அடியில் மருந்து வாடை ஒன்று லேசாகத் தெரியும். பெரும்பாலான சம்பங்கி சென்ட்டுகள் அதை மறைத்துவிட்டு வெண்ணெய்ப் பக்கத்தைத் தூக்கிக் காட்டும். ஜெர்மேன் செலியே 1948-இல் செய்த ஃப்ராகா அந்த வழியின் உச்சம். ஷெல்ட்ரேக் தலைகீழாகச் செய்தார்: மறைக்கிற பகுதியை முன்னால் கொண்டுவந்து ஒலிபெருக்கி வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் பொறுத்தால் குளிர்ச்சி மெல்ல விலகும். சம்பங்கி வரும், தனியாக வராது. மல்லிகை, ஆரஞ்சுப் பூ, ஹயசின்த் ஆகியவற்றோடும், அடியில் கிராம்பு, ஜாதிக்காயின் காரத்தோடும் வரும். கடைசி மணி நேரங்களில் வெனிலாவும் மென்மையான கஸ்தூரியும் மிஞ்சும். அந்தக் கட்டத்தில் கிட்டத்தட்ட சாதுவான சென்ட்தான். மாலையில் உங்களைச் சந்திக்கிறவருக்கு இதன் காலை நேரத்துக் குற்றம் தெரியவே வராது.

குப்லாய்?

இதைச் சொல்வது கடினம், ஏனென்றால் இது எந்தப் பொருளின் மணமும் இல்லை. ஒரு ஆளின் மணம். குளிக்காத ஆள் என்று வெறுப்பவர்கள் சொல்வார்கள். தூங்கி எழுந்த ஆளின் கழுத்து என்று விரும்புகிறவர்கள் சொல்வார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சேர்க்கைகளில் ரோஜா, சீரகம், கஸ்தூரி வெண்டை விதை, கோஷ்டம், புனுகு, காஸ்டோரியம், லாப்டனம் பிசின், பச்சோலி, வெனிலா எல்லாம் வருகின்றன. காஸ்டோரியம் என்பது பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் சுரப்பு. தோல் செருப்பின் வாடை. கோஷ்டம் நம் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் வேர்தான். அதன் எண்ணெய், எண்ணெய் வைத்துப் பல நாள் அலசாத தலைமுடியைப் போல மணக்கும். இவற்றைப் பட்டியலாகப் படித்தால் யாரும் பூசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சேர்க்கையாக வரும்போது முதல் பத்து நிமிட வீச்சத்துக்குப் பிறகு எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, பஞ்சுபோல, வெதுவெதுப்பாக, சற்றே இனிப்பாக உடலோடு ஒட்டிக்கொள்கிறது. ரோஜா தனியாகத் தெரியாது. அதை எடுத்துவிட்டால் மற்றவை நாறும் என்று மட்டும் தெரியும்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. குப்லாய் கானிடம் பணிபுரிந்த மார்க்கோ போலோ, திபெத்துப் பக்கத்துக் கஸ்தூரி விலங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதினார். அது வேறு கதை.

இதில் உண்மையான கஸ்தூரியும் புனுகும் இருக்கின்றனவா?

கஸ்தூரி இல்லை. கஸ்தூரி மான் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கீழும் காக்கப்படும் விலங்கு. இன்று ஐரோப்பியச் சந்தைக்கு வரும் எந்தப் பெரிய நிறுவனத்தின் சென்ட்டிலும் நீங்கள் முகரும் கஸ்தூரி ஆய்வகத்தில் செய்ததுதான். இதற்கு வழி திறந்தவர் லெயோபோல்ட் ருஷிச்கா. புனுகின் மணப்பொருளும் கஸ்தூரியின் மணப்பொருளும் பெரிய வளையங்களாக அமைந்த மூலக்கூறுகள் என்று 1926-இல் அவர் காட்டினார். அவ்வளவு பெரிய வளையம் நிலைத்து நிற்காது என்று வேதியியலாளர்கள் நம்பியிருந்த காலம் அது. 1939-இல் நோபல் பரிசு பெற்றார்.

புனுகும் இன்று பெரும்பாலும் செயற்கைதான். எத்தியோப்பியாவில் புனுகுப் பூனைகளைக் கூண்டில் அடைத்து எடுக்கும் தொழில் நெடுங்காலமாக உண்டு. அதன் கொடுமைக்காகவே ஐரோப்பிய நிறுவனங்கள் விலகின. கோஷ்ட எண்ணெயோ தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதால் சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பால் தடை செய்யப்பட்டது. ஆகவே பட்டியலில் உள்ள பெயர்களை மணத்தின் வர்ணனையாக எடுத்துக்கொள்ளுங்கள், சரக்கின் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே சென்ட் ஒருவருக்கு மணமாகவும் ஒருவருக்கு நாற்றமாகவும் இருப்பது எப்படி?

மூன்று காரணங்கள் உண்டு. மூன்றாவதுதான் நமக்கு ருசிகரமானது.

முதலாவது அளவு. மல்லிகையிலும் சம்பங்கியிலும் உள்ள இண்டோல் சிறிதளவில் பூவுக்கு உயிர் கொடுக்கும்; கூடினால் அந்துருண்டையாகவும் மலவாடையாகவும் தெரியும். அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும்.

இரண்டாவது மூக்கின் அமைப்பு. கஸ்தூரி வகை மூலக்கூறுகளில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. மற்ற எல்லாவற்றையும் நன்றாக முகர்கிறவர்கள்தான்; அந்த ஒன்றுக்கு மட்டும் அவர்களது மூக்கில் ஏற்பி சரியாக வேலை செய்யாது. குப்லாய் முழுக்கக் கஸ்தூரியின் மேல் நிற்பதால், மென்மையான பகுதியை உணராமல் சீரகத்தையும் செருப்புத் தோலையும் மட்டும் உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. அவர்கள் வேறொரு சென்ட்டை முகர்கிறார்கள்.

மூன்றாவது பழக்கம். மெத்தில் சாலிசிலேட் அமெரிக்கர்களுக்கு மிட்டாய், சூயிங்கம். பிரிட்டிஷ்காரர்களுக்குத் தசைவலி மருந்து. பொருள் ஒன்றுதான், முகச்சுளிப்பு மட்டும் வேறு. சீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விமர்சகர்கள் குப்லாயைப் பற்றி எழுதும்போது சீரகத்தை வேர்வை என்றே எழுதுவார்கள். நமக்குச் சீரகம் என்றால் ரசம். புனுகு அவர்களுக்கு மிருகக்காட்சிசாலை. நமக்குத் திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் சாத்தப்படும் தைலம். சம்பங்கியோ மெக்சிகோவிலிருந்து வந்த செடியாக இருந்தும், நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் கிலோக் கணக்கில் ஏலம் போகிற பூ. அதனால் இந்த இரண்டைப் பற்றியும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட அச்சமூட்டும் விமர்சனங்களைப் பாதி விலைக்கே வாங்குங்கள். அவர்களை அலற வைப்பதில் சரிபாதி நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் தமிழ் மூக்குக்கு எது எளிது?

கிரிமினெல். பூவும் தெரியும், தைலமும் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான் புதிது. குப்லாயின் சரக்குகள் பழக்கமானவை என்றாலும் அது சொல்லும் செய்தி பழக்கமற்றது. குளித்து, பவுடர் பூசி, சுத்தமாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவே நாம் பெரும்பாலும் சென்ட் போடுகிறோம். குப்லாய் நேர் எதிராகப் பேசும்.

ஜவ்வாது எனக்கு மிகவும் பிடிக்கும். குப்லாய் பிடிக்குமா?

பயமுறுத்தாது. ஆனால் ஜவ்வாதின் பொடி இனிப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அடியில் இருக்கும் கதகதப்பு மட்டுமே பொது.

ஆண்களுக்கா, பெண்களுக்கா?

இரண்டும் இருவருக்கும்.

சென்னை வெயிலில் போடலாமா?

இங்கேதான் ஐரோப்பியர்களின் அறிவுரை நமக்குப் பயன்படாது. சூடு ஏறினால் எல்லாம் வேகமாக ஆவியாகும். கிரிமினெலுக்கு இதனால் நன்மையும் உண்டு: தைலப் பகுதி சுருக்கமாக முடிந்து பூ சீக்கிரம் வரும். வரும் பூவும் பெருத்து வரும். ஏப்ரல் மதியத்தில் இரண்டு முறை அடித்தால் கல்யாண மண்டபமே கூடவே நடந்து வருவதுபோல் இருக்கும். மணிக்கட்டில் ஒரு முறை போதும். கழுத்துக்கு வேண்டாம்.

குப்லாயை வேர்வை கொட்டும் நாளில் போடுவது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது. அது செய்யும் வேலையே தூய்மையான தோலின் மேல் உடல் வாடையின் சாயலை வைப்பதுதான். தோலில் ஏற்கெனவே உண்மையான உடல் வாடை இருந்தால் சாயலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். ஏசி அறை, மார்கழி மாலை, கொடைக்கானல், ஊட்டி: இவைதான் அதற்கு இடம். டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கிற தமிழர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கம்பளிச் சட்டைக்குள் குப்லாய் பிரமாதமாக இருக்கும்.

அலுவலகம், கோயில், கல்யாணம்?

கல்யாணத்துக்குக் கிரிமினெல் கச்சிதம். மேடை முழுக்கச் சம்பங்கி மாலை தொங்கும்போது உங்களை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். கவனிப்பவர்கள் ஏதோ நல்ல பூ என்பார்கள். வீட்டிலேயே ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டு கிளம்புங்கள், தைலம் வாசலிலேயே நின்றுவிடும். பட்டுப் புடவை, வேட்டி மீது நேரடியாக அடிக்க வேண்டாம், கறை விழலாம். கோயிலுக்கும் இதுவே.

அலுவலகத்துக்குக் குப்லாய் வேண்டாம். லிஃப்டில் ஆறு பேர் நிற்கும்போது "யாரோ குளிக்கவில்லை" என்ற சந்தேகம் எழுந்தால், அது பாரிசில் பிறந்த புட்டி என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

தலைவலி வருமா?

வெண்பூ மணங்கள் தலைவலி தூண்டும் என்று சொல்கிறவர்கள் பலர். இரவில் தலையில் வைத்த சம்பங்கியோ மல்லிகையோ உங்களுக்குத் தலைவலி தருமானால் கிரிமினெலைத் தொட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இரண்டையுமே மூடிய அறையில் அடிக்காதீர்கள். தோல் எளிதில் தடிக்கும் என்றால் முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து மறுநாள் வரை பாருங்கள்.

சோதிப்பது எப்படி?

சாம்பிள் வாங்குங்கள், 1 அல்லது 2 மில்லி போதும். ஒரே நாளில் இரண்டையும் சோதிக்க வேண்டாம். குப்லாய் மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மற்றது தட்டையாகத் தெரியும்.

கிரிமினெலைத் தாள் பட்டையில் சோதிக்கலாம். அதன் தொடக்கம் தாளில் தோலைவிடத் தெளிவாகவும் நீளமாகவும் தெரியும். அந்தத் தைலத்தை உங்களால் பொறுக்க முடியுமா என்பது அங்கேயே விளங்கிவிடும். குப்லாயைத் தாளில் முகர்ந்து முடிவெடுத்தால் அநியாயம். தோலின் சூடு இல்லாமல் அது செருப்புக் கடையாகவே நின்றுவிடும். குளித்து ஈரம் துடைத்த கையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மறந்துபோன ஏதோ ஒரு நேரத்தில் கை முகத்துக்கு அருகில் வரும்போது என்ன தோன்றுகிறது என்பதுதான் விடை.

பிறகு, மிக முக்கியமாக, வீட்டில் இருப்பவரிடம் கையை நீட்டுங்கள். சென்ட் என்று சொல்லாமல் நீட்டுங்கள். கிரிமினெலுக்கு இது தேவையில்லை. குப்லாய்க்கு இது இல்லாமல் சோதனை முடியாது, ஏனென்றால் அதன் மணத்தைத் தாங்கப்போகிறவர் அவர்தான்.

கடைகளில் காபிக்கொட்டை வைத்திருப்பார்கள், முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று. நம்ப வேண்டாம். வெறும் காற்றைவிட அது நன்றாக வேலை செய்வதில்லை. சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தால் போதும்.

சாம்பிள் இல்லாமல் நேராகப் புட்டியே வாங்கலாமா?

கூடாது.

எங்கே கிடைக்கும்? பழைய புட்டிதான் நல்லது என்கிறார்களே?

இந்தியக் கடைகளில் எளிதாகக் கிடைக்காது. நிறுவனத்திடமோ அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ இணையத்தில் வாங்குவது பாதுகாப்பு. சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி விலைக்கு விற்கப்படும் புட்டியைச் சந்தேகப்படுங்கள்.

பழைய தயாரிப்புகளில் குப்லாய் இன்னும் அழுக்காக இருந்தது என்று பழைய ரசிகர்கள் புலம்புவார்கள். வாசனைத் தொழிலின் பாதுகாப்பு விதிகள் ஆண்டுக்காண்டு இறுகுவதால் கலவைகள் மாறுவது உண்மைதான். ஆனால் வெயிலில் கிடந்த பழைய புட்டிக்கு அதிக விலை கொடுப்பதைவிடப் புதியதை வாங்கி இருட்டான அலமாரியில் வைப்பது மேல். குளியலறையில் வைக்காதீர்கள்.

இரண்டும் சரிவரவில்லை என்றால்?

சம்பங்கி வேண்டும், தைலம் வேண்டாம் என்பவர்கள் டொமினிக் ரோபியோன் 2005-இல் ஃப்ரெடெரிக் மால் நிறுவனத்துக்காகச் செய்த கார்னல் ஃப்ளவரை முகருங்கள். பச்சைத் தண்டோடு பறித்த பூவாக இருக்கும். மிருக வாடை வேண்டும், ஆனால் வெளுத்த சட்டையும் வேண்டும் என்பவர்களுக்கு 1981-இல் பியேர் பூர்தோன் செய்த கூரோஸ் இருக்கிறது. அதற்கும் எதிரிகள் ஏராளம், எச்சரித்துவிட்டேன்.

ஒன்றுதான் வாங்க முடியும். எதை?

வெளியே போகும்போது போட்டுக்கொள்ள ஒரு புட்டி வேண்டும் என்றால் கிரிமினெல். முதல் அரை மணி நேரத்தை ரசிக்கக் கற்றுக்கொண்டால் அதுவே இதன் சிறந்த பகுதி என்று தோன்ற ஆரம்பிக்கும். கற்றுக்கொள்ளாவிட்டாலும் அதற்குப் பிறகு வரும் பூவில் காசு வீணாகாது. நம் தட்பவெப்பத்தைத் தாங்கும், நம் விழாக்களில் பொருந்தும்.

குப்லாய் இதைவிடப் பெரிய படைப்பு என்று சொல்வேன். சம்பங்கியைச் சம்பங்கியாகக் காட்டுவது கடினம். நாறுகிற பத்துப் பொருள்களிலிருந்து கனிவை எடுப்பது அதைவிடக் கடினம். ஆனால் பெரிய படைப்பு வேறு, அன்றாடம் போடுகிற சென்ட் வேறு. குப்லாயைச் சாம்பிளாகவே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இரவில், வீட்டில், சம்மதித்த துணையோடு இருக்கும்போது 2 மில்லி நெடுங்காலம் வரும். அது தீர்ந்தபின் தேட வைத்தால், அப்போது புட்டி வாங்கலாம்.

இரண்டையும் சேர்த்துப் பூசினால்?

கெட்டுப்போகாது. குப்லாயின் மேல் கிரிமினெலை ஒரு முறை அடித்தால் தைலத்தின் குளிர்ச்சி மங்கி, பூவுக்குச் சதைப்பிடிப்பு வரும். ஒரே கை செய்தவை என்பதால் சண்டை போடாமல் சேர்கின்றன. ஆனால் வீச்சு இரட்டிப்பாகும். பஸ்ஸில் போகிற நாளில் வேண்டாம்.